கதவுக்கு உள்பக்கம்

நான் சினிமாவுக்குச் சத்தம் போடுகிறவள். ஆட்களைப் பார்த்துக் கத்துவதைச் சொல்லவில்லை, அதுவும் எனக்கு நன்றாகவே வரும். படத்தில் ஒருத்தி நடந்தால், கதவைத் திறந்தால், கோபத்தில் தட்டை வைத்தால், அந்தச் சத்தத்தை ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துக்கொண்டே உண்டாக்கிப் பதிவு செய்வது என் பிழைப்பு. பெரிய பெரிய கதாநாயகிகளின் கால்கள் என்னுடையவை. முகம் மட்டும்தான் அவர்களுடையது. வட்டாரத்தில் எனக்குப் பெயரே சத்தக்காரி.

இதைக் கேட்டு நான் தைரியசாலி என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். பல்லி தரையில் விழுந்தால் கட்டிலில் ஏறி நிற்கிறவள் நான். அக்காதான் துடைப்பத்தோடு வருவாள். பல்லியை விரட்டிவிட்டு, "கழுதை வயசாச்சு, வெக்கமா இல்ல?" என்று எனக்கும் அதே துடைப்பத்தால் ஒன்று வைப்பாள். அந்த அக்கா செத்துப்போனாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு பயம்தான் மிச்சம். அதன் முன்னால் பல்லியெல்லாம் தூசி.

அக்கா செத்த அன்று அவள் மகள் குட்டிக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. ஏழு வயது அவளுக்கு. மத்தியானம் மருந்து வாங்க அக்கா கீழே இறங்கினாள். வெளியே போகும்போதெல்லாம் சொல்வதுபோல அன்றும் சொல்லியிருப்பாள்: "யாரு வந்தாலும் திறக்காத. சாவி போடற சத்தம் கேட்டா, அது நான்." மருந்தோடு திரும்பிவந்து, படியெல்லாம் ஏறி, வீட்டு வாசலில் விழுந்துவிட்டாள். நெஞ்சு வலி. வெகுநேரம் கழித்து மாடி வீட்டம்மா ஏதோ வேலையாக இறங்கிவந்தபோதுதான் பார்த்திருக்கிறார். அக்கா கையிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தால், உள்ளே குட்டி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறாள். "நல்ல வேளை, புள்ள தூங்கிட்டா" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அக்கா புருஷனான அத்தானையும் என்னையும் டாக்டர் ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்றார். எங்கள் பின்னாலேயே நின்றிருந்த மாடி வீட்டம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது.

குட்டியிடம் வேறு கதை சொன்னோம். அம்மாவுக்கு மருந்துக் கடையிலேயே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அங்கேதான் செத்துப்போனாள் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மறைக்காமல் என்ன செய்வது? நடுவில் ஒரு கதவு, வெளியிலிருந்து சாவியால், உள்ளிருந்து தாழ்ப்பாளால் திறக்கிற பூட்டு. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் இவள். ஒரு தாழ்ப்பாளை இழுத்திருந்தால் அம்மா பிழைத்திருக்கக்கூடும் என்று ஏழு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துபோனால், அப்புறம் அது எப்படித் தூங்கும், எப்படிச் சாப்பிடும், எப்படி வளரும்? இதுதான் என் பயம். எழுந்தாலும் படுத்தாலும் இதுதான்.

இந்த லட்சணத்தில்தான் அத்தான் ஒரு யோசனையோடு வந்தார்.

அத்தான் கேமராமேன். நாங்கள் நாலைந்து பேர் வயிற்றுப்பாட்டுக்கு சினிமாவில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிப்போன ஒரு அச்சகத்தின் கூடத்தில் எங்கள் சொந்த வேலையைச் செய்வோம். திரையில் நாங்கள் எடுத்த படம் ஓடும். அதற்கு முன்னால் ஆட்கள் நடிப்பார்கள். ஓரத்தில் நான் உட்கார்ந்து எல்லாச் சத்தத்தையும் அங்கேயே, அப்போதே போடுவேன். உடைகளெல்லாம் அக்கா தைத்தது. அவள் போனதும் அவளைப் பற்றியே ஒன்று செய்வோம் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களிடம் கதை எழுதும் வழக்கம் கிடையாது. ஆளுக்கு ஒரு ஞாபகத்தைக் கொண்டுவர வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும். அடுத்தவர் "அப்படி இல்ல" என்று திருத்தக் கூடாது. எங்கள் குழு எடிட்டர், அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே திட்டுவதைச் செய்தார். எல்லோரும் சிரித்தோம், பிறகு ஆளுக்கொரு மூலையில் போய் அழுதோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் முறை வந்தபோது அவர் சொன்னார்: "எனக்கு அந்தப் படிக்கட்டு வேணும்."

தெரியாததுபோலக் கேட்டேன்: "எந்தப் படிக்கட்டு?"

"நம்ம வீட்டுப் படிக்கட்டுதான். கேமராவைக் கையில புடிச்சுகிட்டு நான் மேல ஏறுவேன். அவ கண்ணுல தெரிஞ்ச மாதிரி. நீ அவ நடையைப் போடு. மேல வந்ததும் மேடையில ஒரு கதவு. அதுக்கு முன்னாடி நெட்டை உக்காருவா. அவ்வளவுதான்."

நெட்டை என்பது எங்கள் நடிகை. அக்காவைவிட ஒரு முழம் உயரம். அக்காவாக அவளா என்று கேட்டதற்கு, "செத்தவங்க வளருவாங்க" என்று அத்தான் ஒரு போடு போட்டிருந்தார்.

"அத்தான், உங்களுக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா? அது உங்க ஞாபகமா? நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல. அதான். நான் எவனோ ஒருத்தன் சோப்பு விளம்பரத்தைப் படம் புடிச்சுகிட்டு இருந்தேன். அவ தனியா ஏறி வந்து தனியா விழுந்தா. ஒரு தடவையாவது நான் கூட ஏறணும்மா. ஒரே ஒரு தடவை."

"ஏறுங்க. தினமும் அந்தப் படியிலதான ஏறிப் போறீங்க. ஊரைக் கூட்டி எதுக்கு ஏறணும்? குட்டி காதுல விழுந்தா?"

"குட்டி வரமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு." பிறகு சொன்னார்: "வீட்ல நாள் பூரா அவகிட்ட பொய் சொல்றேன். என்னால முடியல. மேடையிலயாவது நிஜத்தைச் சொல்லிடறேனே."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை தொடங்கியது. என் வேலைக்கு ஒரு சிமெண்ட் பலகை, ஒரு மைக், அக்காவின் பழைய ரப்பர் செருப்பு. திரையில் படி ஏறும், நான் நின்ற இடத்திலேயே நடப்பேன். அக்காவின் நடை எனக்கு அத்துப்படி. வலது கால் அழுத்தமாக விழும், இடது கால் லேசாக இழுக்கும். முதல் நாளே அது அப்படியே வந்துவிட்டது. எடிட்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்தை விட்டே போய்விட்டார். நெட்டை கையைத் தேய்த்துக்கொண்டு, "புல்லரிக்குது, போதும்" என்றாள். எனக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. செருப்புக்குள் என் கால் இருக்கிறதா, அவள் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அக்கா போனதிலிருந்து நான் அத்தான் வீட்டிலேயேதான் இருந்தேன், குட்டியைப் பார்த்துக்கொள்ள. அவளிடம் ஒரு பழக்கம் புதிதாக வந்திருந்தது. படிக்கட்டில் ஆள் வரும் சத்தம் கேட்டால் போதும், விளையாடிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடிப் போர்வையை மூடிப் படுத்துக்கொள்வாள். கதவைத் திறந்து வந்தவர் யாரென்று நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வருவாள். அம்மாவை நினைத்து ஏங்குகிறாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று அத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைக்கத் தைரியம் இருந்தது எனக்கு? அவள் அழவும் இல்லை. அம்மா செத்துப்போனதைச் சொன்ன அன்றுகூட அழவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

ஒரு மத்தியானம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடியதும் கேட்டது.

அக்கா நடந்து வந்தாள்.

வலது கால் அழுத்தமாக, இடது கால் லேசாக இழுத்து. வெளியிலிருந்து இல்லை, வீட்டுக்குள்ளிருந்து.  கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வெளிச்சம் பளீரென்று அடிக்கிற மத்தியானத்தில் என்னத்தைச் சொல்ல? சத்தம் நடந்து வந்தது, நின்றது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கூடத்தில் குட்டி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பையில் வைத்திருந்த அக்காவின் செருப்பை எடுத்து இரண்டு கையிலும் மாட்டியிருந்தாள். கைகள் தரையில் ஊன்றியிருந்தன, வாசல் கதவுக்கு ஒரு சாண் தள்ளி. காதைக் கதவுப் பக்கம் சாய்த்து அசையாமல் இருந்தாள்.

"என்னடி பண்ற?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"சும்மா."

"சும்மான்னா? யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"நீ வீட்ல பண்ணிப் பார்த்தியே சித்தி, கண்ணாடி முன்னாடி. நானும் பண்றேன்."

"எடு. கையை எடு. அம்மா செருப்பை வெச்சு விளையாடுவாங்களா? பைத்தியம் மாதிரி." வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். செருப்பைக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினேன். அன்று பூராவும் அத்தானிடம், "காட்சியை நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நச்சரித்தேன். "எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா, ஒரே ஒரு தடவை போட்டுட்டு மூட்டை கட்டிடறேன்" என்றார்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குட்டியை மாடி வீட்டம்மாவிடம் விடுவதாக ஏற்பாடு. அத்தான் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாடி வீட்டம்மா நல்ல மனசுக்காரர்தான். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. எதையும் வேடிக்கை பார்க்காமல் அவரால் இருக்கவும் முடியாது. இவரிடம் போய்ப் பிள்ளையை விட்டோமே, எங்களைச் சொல்ல வேண்டும்.

கூடம் நிறைந்துவிட்டது. விளக்கை அணைத்தார்கள். முதலில் அக்காவின் நிஜப் படங்கள், போனில் எடுத்தவை. அக்கா தையல் மிஷினில் குனிந்திருக்கிறாள், அக்கா கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறாள், அக்கா மழையில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறாள். நான் மிஷின் சத்தம் போட்டேன், மழைச் சத்தம் போட்டேன். ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு.

மழைக் காட்சியின் வெளிச்சத்தில் முன்வரிசையைப் பார்த்தேன். மாடி வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குட்டி.

 அத்தானைத் தேடினேன். அவர் கூடத்தின் அந்தக் கோடியில் புரொஜெக்டர் பக்கம் நின்றிருந்தார், இருட்டில் தெரியவில்லை. எழுந்து ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. திரையில் படிக்கட்டு வந்துவிட்டது. பெயிண்ட் உரிந்த அந்தக் கைப்பிடிச் சுவர், முனை உடைந்த அந்த முதல் படி. குட்டிக்கு அது எந்தப் படிக்கட்டு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

கால் தானாக நடக்க ஆரம்பித்தது. பழக்கம். நிறுத்து, நிறுத்து என்று மனசு அடித்துக்கொண்டது. சத்தம் நின்றுபோனால் எல்லோரும் திரும்புவார்கள், அத்தான் என்னவோ ஏதோவென்று விளக்கைப் போடுவார், அந்த வெளிச்சத்தில் அவள் எல்லாவற்றையும் பார்ப்பாளே என்று அதற்கும் பயம். வலது கால், இடது கால். கண் முன்வரிசையைவிட்டு நகரவில்லை. குட்டி மடியிலிருந்து இறங்கினாள். நேராக நெட்டையிடம் ஓடப்போகிறாள், அம்மா என்று கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேடைப் பக்கமே பார்க்கவில்லை. சுவரோரமாக, இருட்டில், சத்தம் வரும் திசையில் நடந்து என்னிடம் வந்தாள்.

வந்து என் முழங்காலைப் பிடித்தாள். "சித்தி, தப்பாப் பண்ற" என்றாள் ரகசியமாக.

மைக்கைக் கையால் மூடினேன். கால் நடந்துகொண்டே இருந்தது.

"மேல வந்ததும் நிக்கணும். அம்மா நிப்பாங்க. மூச்சு வாங்குவாங்க. அப்புறம்தான் சாவி போடுவாங்க."

அக்கா மூச்சு வாங்கி நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. எத்தனை காலமாக அப்படி நின்றுகொண்டிருந்தாளோ, ஒருத்தரிடமும் சொல்லாமல். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"நான் கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பேன் இல்ல, தினமும். எனக்குக் கேக்கும்." பிறகு சொன்னாள்: "அன்னிக்கும் நின்னாங்க. ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. மூச்சு வாங்கினாங்க. நான் சாவிக்காகப் பாத்துகிட்டே இருந்தேன். சாவி போடவே இல்ல. பயமா இருந்துச்சு. அதான் போய்ப் படுத்துகிட்டேன்."

என் கால் நின்றுவிட்டது.

 திரையில் படிகள் முடிந்து கதவு வந்து நின்றது. மேடையில் நிஜக் கதவின் முன்னால் நெட்டை உட்கார்ந்து அதன்மேல் முதுகைச் சாய்த்திருந்தாள். நான் பிடிப்பதற்குள் குட்டி என் கையிலிருந்து நழுவிவிட்டாள். மேடைக் கதவுக்குப் பின்னால் போனாள். கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. நான் போட்ட சத்தம் இல்லை அது.

கதவு திறந்தது. சாய்ந்திருந்த நெட்டை அப்படியே பின்னால் மல்லாந்து விழுந்தாள். குட்டி அவள் தலைமாட்டில் நின்று குனிந்து பார்த்தாள். "சாவிச் சத்தம் கேக்கல. அதான் திறக்கல" என்றாள். சத்தமாக, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதைப்போல.

 ஜனங்கள் கைதட்டினார்கள். எங்கள் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். எழுந்து நின்று தட்டினார்கள். நான் ஓடினேன். அத்தான் அந்தக் கோடியிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நான் முழங்காலிட்டு அவளை இழுத்து அணைத்தேன். 

"சித்தி, நான் அப்பவே திறந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

"இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை. "இல்லடா தங்கம். திறந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அம்மா விழுந்ததுமே போயிட்டா."

"ஆனா மூச்சு வாங்கினாங்களே."

 அப்போது அத்தான் வந்து எங்கள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது மூச்சு இல்லடா. வேற ஏதோ சத்தம். டாக்டரே சொன்னாரு, யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அப்பா சொல்றேன், நிஜம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. இத்தனை மாதத்தில் முதன்முறையாக அழ ஆரம்பித்தாள், வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, கைக்குழந்தைபோல. அழட்டும், அழுது தீர்க்கட்டும் என்று விட்டேன், எனக்கு உயிரே திரும்பி வந்தது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து மாடி வீட்டம்மா எழுந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தலையில் அடித்துக்கொண்டே மேடையை நோக்கி வந்தார். "அய்யோ கண்ணு, நீ முழிச்சுகிட்டா இருந்த? ஒரு அரை மணி நேரம் முன்னாடி மட்டும்..."

குட்டியின் இரண்டு காதுகளையும் இறுக்கிப் பொத்தினேன். அதற்குள் அவளுக்கு எவ்வளவு கேட்டதென்று எனக்குத் தெரியாது. அழுகை மட்டும் சட்டென்று நின்றுபோயிருந்தது.